பால் டப்பாவுக்கு ஒரு நல்ல வீடு

எங்கள் தெருவில் ஒரு வீட்டில் தம்பிப் பாப்பா பிறந்து நான்கு மாதம் ஆகிறது. பாப்பாவைப் பார்க்க வந்த உறவினர் ஒருவர் பால்பவுடர் டப்பா இரண்டு வாங்கி வந்திருந்தார். பாப்பாவோ தாய்ப்பாலிலேயே கொழுகொழுவென்று வளர்கிறான். டப்பாக்கள் பிரிக்கப்படாமல் அலமாரியில் தூங்கிக்கொண்டிருந்தன. ஒரு நாள் பாப்பாவின் அக்கா என்னிடம் ஓடி வந்தாள். ஆறாம் வகுப்பு படிக்கிறாள்.

"டீச்சர் பாட்டி, எங்க வீட்டுக்குப் பாத்திரம் தேய்க்க வர்ற அக்காவுக்கும் குட்டிப் பாப்பா இருக்கு. இந்த டப்பாவை அதுக்குக் குடுத்துடட்டுமா? அம்மா உங்களைக் கேட்டுக்கிட்டு வரச் சொன்னாங்க."

"அந்தப் பாப்பா இப்போ என்ன குடிக்குது?"

"அது அம்மாகிட்டதான் பால் குடிக்குது."

"அப்படின்னா குடுக்காதே கண்ணு."

அவள் முகம் வாடிப்போயிற்று. "இல்லாதவங்களுக்குக் குடுத்தா நல்லதுதானே பாட்டி?" என்றாள்.

நல்ல கேள்விதான், குழந்தைகளே. சட்டை, புத்தகம், செருப்பு எல்லாவற்றுக்கும் அவள் சொன்னது சரி. ஆனால் கைக்குழந்தைக்கான பால்பவுடர் அப்படி இல்லை. ஏன் என்று சொல்கிறேன்.

இறைக்கிற கிணறுதான் ஊறும் என்பார்கள். தாய்ப்பாலும் அப்படித்தான். குழந்தை குடிக்கக் குடிக்கத்தான் தாயிடம் பால் சுரக்கும். டப்பா பாலால் குழந்தையின் வயிறு நிறைந்துவிட்டால் அது தாயிடம் குறைவாகக் குடிக்கும். சுரப்பும் நாளுக்கு நாள் குறையும். இனி கணக்குக்கு வாருங்கள். இரண்டு மாதக் குழந்தைக்கு வேறு பால் இல்லாவிட்டால் ஒரு நாளைக்குச் சுமார் 100 கிராம் பவுடர் தேவைப்படும். 400 கிராம் டப்பா எத்தனை நாளைக்கு வரும்? நான்கு நாள்! அதற்குப் பிறகு?

பால் குறைந்துபோன தாய் அடுத்த டப்பாவைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். ஒவ்வொன்றும் பல நூறு ரூபாய். வாங்க முடியாதபோது நான்கு கரண்டி போட வேண்டிய இடத்தில் இரண்டு கரண்டி போட்டுத் தண்ணீரைக் கூட்டுவார். குழந்தைக்குச் சத்துப் போதாது. தண்ணீரோ புட்டியோ சுத்தமாக இல்லையென்றால் வயிற்றுப்போக்கு வேறு. இரண்டு டப்பா இலவசமாகக் கொடுத்ததன் பலன் இதுவாகவும் இருக்கலாம்.

இது வெறும் கற்பனை இல்லை. 2006ஆம் ஆண்டு மே மாதம் இந்தோனேசியாவின் ஜாவா தீவில், யோக்யகர்த்தா பகுதியில் பெரிய நிலநடுக்கம் ஏற்பட்டது. வீடிழந்து தவித்த மக்களுக்குப் பல இடங்களிலிருந்தும் பால்பவுடர் வந்து குவிந்தது. அனுப்பியவர்கள் நல்ல மனத்தோடுதான் அனுப்பினார்கள். பிறகு மருத்துவர்கள் ஆராய்ந்து பார்த்தபோது என்ன தெரிந்தது தெரியுமா? இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில், இலவசப் பால்பவுடர் பெற்றவர்களிடம் வயிற்றுப்போக்கு மற்றவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு இருந்தது.

அதற்கு வெகுகாலம் முன்பே, 1970களில், ஏழை நாடுகளில் கம்பெனிகள் பால்பவுடரை விளம்பரம் செய்து விற்றது உலகம் முழுவதும் பெரிய சர்ச்சையானது. அதன் பிறகு 1981ல் உலக சுகாதார நிறுவனம் இதற்கென்று விதிமுறைகளைக் கொண்டுவந்தது. நம் நாடு 1992ல் சட்டமே போட்டது. 2003ல் அதை இன்னும் கடுமையாக்கினார்கள். குழந்தைகளுக்கான பால்பவுடரையும் பால் புட்டியையும் அனாதை இல்லத்துக்குத் தவிர வேறு யாருக்கும் தானமாகக் கொடுக்கக் கூடாது என்கிறது அந்தச் சட்டம். கம்பெனிகளை மனத்தில் வைத்து எழுதியது என்றாலும், 'எவரும் கொடுக்கக் கூடாது' என்றுதான் அதில் இருக்கிறது.

மருந்துக்கடைக்குப் போகும்போது பால்பவுடர் டப்பாவைச் சற்று உற்றுப் பாருங்கள். பிஸ்கெட்டிலும் சோப்பிலும் கூடச் சிரிக்கும் பாப்பா படம் இருக்கும். பாப்பாவுக்கென்றே உள்ள இந்த டப்பாவில் இருக்காது! குழந்தை படமோ பெண்ணின் படமோ போடக் கூடாது என்பதும் அதே சட்டம்தான். தாய்ப்பாலே சிறந்தது என்ற அறிவிப்பும் கட்டாயம் இருக்க வேண்டும். தன்னைவிட இன்னொன்று சிறந்தது என்று தன் மேலேயே எழுதிக்கொண்டு கடையில் நிற்கும் பொருள் வேறு ஏதாவது இருக்கிறதா என்று தேடிச் சொல்லுங்களேன்.

அதற்காகப் பால்பவுடரைக் கெட்ட பொருள் என்று நினைத்துவிடாதீர்கள். 1950களில் மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்து விஞ்ஞானிகள், நம் நாட்டு எருமைப் பாலிலிருந்தே குழந்தை உணவு தயாரிக்கப் பாடுபட்டு வழி கண்டுபிடித்தார்கள். தேவை இருந்ததால்தானே செய்தார்கள்? பிரசவத்தில் தாயை இழந்த குழந்தை உண்டு. கடும் சிகிச்சையில் இருக்கும் தாயின் குழந்தை உண்டு. யாரும் இல்லாமல் விடப்பட்ட குழந்தையும் உண்டு. தமிழ்நாட்டில் 1992ல் சேலத்தில் 'தொட்டில் குழந்தைத் திட்டம்' தொடங்கியது இப்படிப்பட்ட குழந்தைகளைக் காப்பாற்றத்தான். வளர்க்க முடியாதவர்கள் குழந்தையை எங்கேயோ போட்டுவிடாமல் அரசு வைத்திருக்கும் தொட்டிலில் விட்டுச் செல்லலாம். அந்தக் குழந்தைகள் பிறகு தத்து மையங்களில் வளர்வார்கள். ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் அங்கே இருப்பார்கள். பால் டப்பாவுக்கு நல்ல வீடு அதுதான்.

எங்கள் தெருப் பெண்ணின் அம்மா, மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்தில் கேட்டு அப்படி ஒரு மையத்தின் தொலைபேசி எண்ணை வாங்கினார். நேரே போய் நிற்காமல் முதலில் பேசியது நல்லதாயிற்று. அவர்கள் கேட்ட கேள்விகளைக் கேளுங்கள். எந்தக் கம்பெனி? எந்த எண்? (1 என்று போட்டிருந்தால் பிறந்ததிலிருந்து ஆறு மாதம் வரை, 2 என்றால் ஆறு மாதத்துக்கு மேல்.) காலாவதித் தேதி என்ன? மூடி நசுங்கியிருக்கிறதா? வெயில் படும் இடத்தில் இருந்ததா? மருத்துவர் எழுதிக் கொடுத்த பவுடரைத்தான் ஒவ்வொரு குழந்தைக்கும் கொடுப்பார்களாம். இன்றைக்கு ஒன்று நாளைக்கு ஒன்று என்று மாற்றினால் பிஞ்சு வயிறு தாங்காது.

இரண்டில் ஒரு டப்பா தேறியது. இன்னொன்றின் தேதி போன மாதமே முடிந்துவிட்டது.

மையத்தில் குழந்தைகளைப் பார்க்க அனுமதி கிடைக்கவில்லை. அது சரியான விதி. அது அவர்கள் வீடு, வேடிக்கை பார்க்கும் இடமா என்ன? ஆனால் அங்கிருந்த நர்ஸ் அம்மா பொறுமையாகப் பேசினார். பால்பவுடரில் கண்ணுக்குத் தெரியாத கிருமி இருக்கக் கூடும். அதனால் கொதிக்க வைத்த தண்ணீர் 70 டிகிரிக்குக் கீழே ஆறிப் போகும் முன்பே பவுடரைக் கலக்க வேண்டுமாம். பிறகு ஆற்றி, பாலாடையில் புகட்டுவார்கள். பாலாடை தெரியும் அல்லவா? மூக்கு வைத்த குட்டிக் கிண்ணம். உங்கள் பாட்டியிடம் வெள்ளியில் ஒன்று இருந்தாலும் இருக்கும். புட்டியைவிடக் கழுவுவது சுலபம் என்பதால் குறைமாதக் குழந்தைகளுக்கு மருத்துவமனைகளிலும் இதையே பயன்படுத்துகிறார்கள். ஆங்கில மருத்துவக் கட்டுரைகளில் கூட இதன் பெயர் 'பாலாடை' என்றே இருக்கிறது!

இன்னொரு வழியும் உண்டு. வாங்கிய ரசீது இருந்து, டப்பா பிரிக்காமலும் இருந்தால் சில மருந்துக்கடைகளில் திருப்பி எடுத்துக்கொள்வார்கள். சீக்கிரமே கேட்டுவிட வேண்டும். பிரித்த டப்பா என்றால் யாருக்கும் கொடுக்க வேண்டாம்.

காலாவதியானதை அப்படியே குப்பைத்தொட்டியில் போடக் கூடாது. யாராவது எடுத்து நல்லது என்று நம்பிக் குழந்தைக்குக் கொடுத்துவிடலாம். பவுடரை எருக்குழியில் கொட்டி மண்ணைப் போட்டு மூடுங்கள். மேலே ஒட்டிய காகிதத்தைக் கிழித்த பிறகே டப்பாவைக் காயலான் கடைக்குப் போடுங்கள். அளவுக் கரண்டியை மட்டும் எங்கள் வீட்டில் போட மாட்டோம். காப்பித்தூள் அளக்க அதைப்போல வராது.