அட்டையில் இருந்தது, கையில் இல்லை

“குதிரை வண்டியா? அங்கேயும் குதிரை வண்டி ஓடுதா?” தொலைபேசியில் அம்மா சிரித்தார்.

“குதிரை இழுக்கிற வண்டி இல்லம்மா. குதிரையை ஏத்திக்கிட்டுப் போற டிரெய்லர். காருக்குப் பின்னாடி மாட்டி இழுக்கணும்.”

“அதுக்குத் தனி லைசென்ஸ் வேணாமா?”

அம்மாவின் கேள்விக்கு ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம்: இப்போது வேண்டாம். ஆனால் அந்த ஒரு வரியை மட்டும் நம்பி ஒரு சனிக்கிழமை காலை நான் காரைக் கிளப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் யோசிக்கிறேன்.

நான் கிள்ளானில் வளர்ந்தவள். இப்போது இங்கிலாந்தில் கால்நடை மருத்துவம் படிக்கிறேன். இங்கே கால்நடை மருத்துவ மாணவர்கள் விடுமுறையில் பண்ணைகளிலும் குதிரை லாயங்களிலும் வேலை செய்து அனுபவம் பெறவேண்டும். ஆட்டையும் மாட்டையும் ஓரளவு பார்த்திருந்த நான், குதிரைக்குப் பக்கத்தில் நின்றது அங்கேதான் முதல் முறை.

கேட்காமலே கிடைத்த பிரிவு

நம் நாட்டு ‘டி’ உரிமத்தை வைத்துக்கொண்டு பிரிட்டனில் 12 மாதங்கள் கார் ஓட்டலாம். அதன் பிறகும் அங்கேயே தங்கிப் படிப்பவர்கள் புதிதாகத் தேர்வு எழுதவேண்டும். சிங்கப்பூர் உரிமத்தைத் தேர்வில்லாமல் மாற்றிக்கொள்ளலாம். மலேசிய உரிமத்திற்கு அந்த வசதி இல்லை. எனவே எழுத்துத் தேர்வு, சாலைத் தேர்வு இரண்டையும் மீண்டும் கடந்தேன். அட்டை வந்தது. பின்பக்கத்தில் கார் ஓட்டுவதற்கான ‘பி’ பிரிவு. கூடவே ‘பிஇ’ என்று இன்னொன்று.

‘பிஇ’ என்றால் காரில் கனமான டிரெய்லரை இழுக்கும் அனுமதி. அதற்காக நான் எந்தத் தேர்வும் எழுதவில்லை. அது எப்படி வந்தது?

பிரிட்டனில் 1997 ஜனவரி 1-க்கு முன் கார் தேர்வில் தேறியவர்கள், காரும் டிரெய்லரும் சேர்ந்து 8,250 கிலோகிராம் வரை ஓட்டலாம். அந்த நாளுக்குப் பிறகு தேறியவர்களுக்குக் கட்டுப்பாடு வந்தது. 750 கிலோகிராமுக்கு மேற்பட்ட டிரெய்லர் என்றால், காரும் அதுவும் சேர்ந்த அனுமதி எடை 3,500 கிலோகிராமைத் தாண்டக்கூடாது. தாண்டினால் தனித்தேர்வு. டிரெய்லரை மாட்டவும் கழற்றவும் பின்னோக்கி ஓட்டவும் தெரிகிறதா என்று தேர்வாளர் பார்ப்பார். இரண்டு குதிரை ஏற்றும் டிரெய்லர் ஒன்றின் அனுமதி எடையே 2,300 கிலோகிராமுக்கு மேல் இருக்கும் என்பதால், குதிரை வைத்திருந்த இளையோர் பலரும் அந்தத் தேர்வை எழுதவேண்டியிருந்தது.

2021-இல் அங்கே லாரி ஓட்டுநர்களுக்குக் கடும் பற்றாக்குறை. லாரித் தேர்வு நடத்தத் தேர்வாளர்கள் தேவைப்பட்டார்கள். டிரெய்லர் தேர்வை நிறுத்தினால் ஆண்டுக்கு 30,000 லாரித் தேர்வுகள் வரை கூடுதலாக நடத்தலாம் என்றது அரசாங்கம். அவ்வாண்டு டிசம்பர் 16 முதல் கார் உரிமம் உள்ளவர்கள் 3,500 கிலோகிராம் வரையிலான டிரெய்லரை இழுக்கலாம் என்று சட்டம் மாறியது.

லாரிக்காக மாறிய சட்டம், குதிரையைத் தொட்டே பார்க்காத ஒருத்தியின் அட்டையில் ஓர் அனுமதியை அச்சிட்டுவிட்டது.

உரிமம் ஓர் எண். வண்டி இன்னோர் எண்

3,500 என்ற எண்ணைப் பார்த்ததும் எதையும் இழுக்கலாம் என்று நினைத்தேன். லாய உரிமையாளர் என்னைக் காரின் அருகே அழைத்துச் சென்று, தயாரிப்பாளர் பொருத்திய எடைத் தகட்டைக் காட்டினார். காரின் அதிகபட்ச எடை 2,500. காரும் டிரெய்லரும் சேர்ந்து 4,500. கையேட்டிலும் இந்தக் கார் இழுக்கக்கூடியது 2,000 கிலோகிராம் என்றே இருந்தது.

இப்போது கணக்குப் போடுங்கள். காலி டிரெய்லர் ஏறக்குறைய 950. நடுத்தரக் குதிரை ஒன்று 550. ஒரு குதிரை ஏற்றினால் 1,500, சட்டப்படி சரி. இரண்டு ஏற்றினால் 2,050, தவறு. உரிமம் அதேதான், காரும் அதேதான். டிரெய்லரிலேயே இடம் இருந்தாலும் இரண்டாவது குதிரையை ஏற்றக்கூடாது.

வேகமும் மாறும். டிரெய்லர் இழுக்கும்போது நெடுஞ்சாலையில் மணிக்கு 60 மைல், அதாவது சுமார் 96 கிலோமீட்டர்; நடுவில் பிரிப்பு இல்லாத சாலையில் 50 மைல். மூன்று தடம் உள்ள நெடுஞ்சாலையில் வலது ஓரத் தடத்திற்குப் போகக்கூடாது. டிரெய்லருக்குள் ஆள் ஏறிப் பயணம் செய்யக்கூடாது. தேறி இரண்டு ஆண்டுகளுக்குள் ஆறு தண்டப் புள்ளிகள் சேர்ந்தால், என்னைப் போன்ற புதியவர்களின் உரிமமே பறிபோகும்.

அந்தச் சனிக்கிழமை

உரிமையாளர் போட்டி ஒன்றுக்காக வெளியூர் போயிருந்தார். காலையில் ஒரு பெண் குதிரை தீனியைத் தொடவில்லை. தரையைக் காலால் கீறியது. படுத்தது, எழுந்தது, தன் வயிற்றையே திரும்பித் திரும்பிப் பார்த்தது. வயிற்று வலி. குதிரைக்கு அது உயிர் போகும் நோயாகவும் முடியலாம். வந்து பார்த்த மருத்துவர், உடனே குதிரை மருத்துவமனைக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டு அடுத்த அழைப்புக்குக் கிளம்பினார்.

லாயத்தில் நானும் பதினாறு வயதுப் பெண் ஒருத்தியும்தான். தீனி வாங்கிவர நான் ஓட்டும் கார் அங்கே நின்றது. காப்புறுதியில் என் பெயர் இருந்தது. அட்டையில் ‘பிஇ’ இருந்தது. “உன்னால முடியும்தானே?” என்று அந்தப் பெண் கேட்டாள்.

சட்டப்படி முடியும். ஆனால் மருத்துவமனைக்குப் போகும் வழி, இருபுறமும் வேலி நெருங்கிய ஒற்றைச் சாலை. எதிரே டிராக்டர் வந்தால் யாராவது ஒருவர் பின்னால் போகவேண்டும். டிரெய்லரோடு நான் ஓர் அடிகூடப் பின்னோக்கி ஓட்டியதில்லை.

“தெரியாது” என்றேன். அந்தச் சொல் வாயிலிருந்து வர எவ்வளவு கூச்சப்பட்டது!

பக்கத்துப் பண்ணைப் பெரியவரை அழைத்தோம். வந்துசேர இருபது நிமிடம் ஆனது. அந்த இருபது நிமிடமும் குதிரையை மெல்ல நடத்திக்கொண்டே, நான் செய்தது சரியா என்று என்னையே கேட்டுக்கொண்டிருந்தேன். குதிரைக்கு ஏதாவது ஆகியிருந்தால் இன்று என்ன பதில் சொல்வேன் என்று எனக்குத் தெரியாது.

பெரியவர் குதிரையை வலப்பக்கம் ஏற்றினார். பிரிட்டனில் சாலை இடது ஓரமாகச் சரியும்; அதனால் ஒரே குதிரை என்றால் பாரம் வலப்பக்கம் இருக்கவேண்டும். பின்புறத் தடுப்பை மாட்டிய பிறகுதான் கயிற்றைக் கட்டினார். கட்டிவிட்டுத் தடுப்பை மாட்டப் போனால், குதிரை பின்வாங்கிக் கயிற்றோடு போராடும் என்றார். டிரெய்லர் கழன்றால் அதன் பிரேக்கைத் தானாக இழுத்துப் பிடிக்கும் கம்பியைக் கையால் இழுத்துச் சரிபார்த்தார். வழியில் இரண்டு முறை பின்னோக்கி ஓட்டவேண்டி வந்தது. இரண்டு முறையும் நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

அறுவை சிகிச்சை தேவைப்படவில்லை. குதிரை நான்கு நாளில் லாயத்திற்குத் திரும்பியது. அன்று வீடு திரும்பும் வழியில் பெரியவர் எனக்கு அறிவுரை எதுவும் சொல்லவில்லை. “அடுத்த சனிக்கிழமை ஒன்பது மணிக்கு வா” என்றார்.

காலி வயலில் பாடம்

ஆறு சனிக்கிழமைகள் அறுவடை முடிந்த வயலில் காலி டிரெய்லரோடு சுற்றினேன். ஸ்டீயரிங்கை வலது பக்கம் திருப்பினால் பின்னால் டிரெய்லர் இடது பக்கம் போகும். அதன் அடிப்பகுதியைப் பிடித்துக்கொள், டிரெய்லர் எந்தப் பக்கம் போகவேண்டுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்து என்று பெரியவர் சொல்லித் தந்தார். முதல் நாள் நான்கு முறை மடங்கி நின்றது.

பிறகு வளைவுகள். பின்னால் நிற்கும் குதிரைக்கு வளைவு வருவது தெரியாது. நான்கு காலால்தான் அது தன்னைத் தாங்கிக்கொள்ளவேண்டும். நான் திடீரென்று பிரேக் போட்டால் 550 கிலோகிராம் முன்னால் சாயும்.

இந்தத் தேர்வு இன்னும் இருந்திருந்தால் இவற்றையெல்லாம் கற்ற பிறகே அட்டை கைக்கு வந்திருக்கும். இப்போது அட்டை முதலில் வந்துவிடுகிறது. எனக்குத் தெரியுமா தெரியாதா என்று சோதிக்கும் வேலை என்னிடமே விடப்பட்டிருக்கிறது. பயிற்சி எடுத்துக்கொள்ளுங்கள் என்று அரசாங்கமும் சொல்கிறது, ஆனால் கட்டாயமில்லை. வெளிநாட்டில் படிக்கப் போகும் நண்பர்களே, அங்கே உங்களுக்கு எது அனுமதி என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். அதில் எது உங்களால் முடியும் என்று நீங்கள்தான் பார்த்துக்கொள்ளவேண்டும்.

போன மாதம் அதே குதிரையை நானே மருத்துவமனைக்கு மறுபரிசோதனைக்கு அழைத்துப் போனேன். பெரியவர் பக்கத்து இருக்கையில் இருந்தார். ஒற்றைச் சாலையில் எதிரே பால் லாரி வந்தது. ஐம்பது அடி பின்னோக்கி ஓட்டினேன். இந்த முறை கண்ணை மூடவில்லை. போய்ச் சேர்ந்து டிரெய்லரின் முன்கதவைத் திறந்தபோது, குதிரை வலையில் தொங்கிய வைக்கோலை நிதானமாக மென்றுகொண்டிருந்தது.