இரண்டு கோப்பை, இரண்டும் எதிரி மண்ணில்! சென்னையின் எஃப்.சி. கதை தெரியுமா?

ஒரே கிளப். இரண்டு கோப்பை. இரண்டு இறுதி ஆட்டத்திலும் ஸ்கோர் 3-2! இரண்டுமே எதிரணியின் சொந்த மைதானத்தில், அவர்களுடைய ரசிகர்கள் கண் முன்னே! இப்படி ஒரு கால்பந்து அணி நம் தமிழ்நாட்டில் இருக்கிறது, தெரியுமா?

கோட்டையூரில் பிள்ளைகள் ஐ.பி.எல். ஸ்கோரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். சென்னையின் எஃப்.சி.யின் கதையை எத்தனை பேர் சொல்வார்கள்? காலையில் காரைக்குடியில் பல்லவன் ஏறினால் மத்தியானம் எழும்பூர். அங்கிருந்து பெரியமேடு நேரு ஸ்டேடியம் கூப்பிடு தூரம்தான். அந்தப் புல்தரையில் யார் யாரெல்லாம் ஓடியிருக்கிறார்கள் தெரியுமா? கேளுங்கள்!

2006 உலகக் கோப்பை இறுதி ஆட்டம் நினைவிருக்கிறதா? பிரான்சின் ஜிடேன் ஓர் இத்தாலிக்காரரின் மார்பில் தலையால் முட்டி, சிவப்பு அட்டை வாங்கி வெளியேறினாரே! முட்டு வாங்கிய அந்த மார்கோ மட்டராஸிதான் சென்னை அணியின் முதல் பயிற்சியாளர்! பயிற்சி கொடுத்ததோடு நிற்கவில்லை, 2014-ல் அவரே பூட்ஸ் மாட்டிக்கொண்டு களத்திலும் இறங்கினார்! அதே உலகக் கோப்பையை வென்ற இத்தாலி அணியின் அலெஸாண்ட்ரோ நெஸ்டாவும் அந்த ஆண்டே சென்னைச் சட்டை போட்டார். உலகமே தொலைக்காட்சியில் பார்த்த கால்கள், நம் பெரியமேட்டில்!

அணியின் உரிமையாளர்கள் யார் தெரியுமா? நடிகர் அபிஷேக் பச்சன், விடா டானி, கூடவே நம்ம ‘தல’ தோனி! கிளப் பிறந்த ஆண்டு 2014. பெயரையே பாருங்களேன்: ‘சென்னையின்’! சென்னைக்குச் சொந்தமானது என்று பெயரிலேயே எழுதி வைத்துக்கொண்ட அணி!

இந்தியன் சூப்பர் லீக்கின் (ஐ.எஸ்.எல்.) முதல் சீசனிலேயே புள்ளிப் பட்டியலில் முதலிடம்! 8 கோல் போட்டு அந்த ஆண்டு தங்கக் காலணி வாங்கியவர் யார்? பிரேசிலுக்காக 2010 உலகக் கோப்பையில் 2 கோல் அடித்த எலானோ! அப்படியும் கோப்பை வரவில்லை. அரையிறுதியில் கொச்சியில் 0-3 தோல்வி. சென்னையில் நடந்த இரண்டாம் ஆட்டத்தில் அந்த 3 கோலையும் திருப்பிக் கொடுத்தார்கள்! ஸ்டேடியமே அதிர்ந்தது. கூடுதல் நேரம் தொடங்கியது. முடிய 3 நிமிடமே பாக்கி, 117-ஆம் நிமிடத்தில் கேரளா ஒரு கோல் அடித்துவிட்டது! மொத்தக் கணக்கு 4-3. இன்றைக்கு நினைத்தாலும் வயிறு கலங்குகிறது.

2015-தான் கதையின் உச்சம்! 8 அணிகள். அதில் சென்னைக்குக் கடைசி இடம். மிச்சம் இருந்தது 4 ஆட்டம். எத்தனை ஜெயித்தார்கள் தெரியுமா? நான்கும்! எட்டாம் இடத்திலிருந்து மூன்றாம் இடத்துக்கு ஒரே பாய்ச்சல், நேரே அரையிறுதி!

அப்போதுதான் டிசம்பர் வெள்ளம். சென்னையில் மாடிக்கு ஏறியவர்களைப் படகில் வந்து மீட்டார்கள். வீடுகளில் மார்பளவு தண்ணீர். இந்த நிலையில் நேரு ஸ்டேடியத்தில் பந்தாட முடியுமா? சொந்த ஊரில் நடக்கவேண்டிய அரையிறுதி, ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் புனேவுக்குப் போனது! ஊரே தண்ணீரில் கிடக்க, புனேயில் கொல்கத்தாவை 3-0 என்று சாய்த்தார்கள் பையன்கள்! மழையில் நனைந்த சென்னைக்கு அந்த டிசம்பரில் கிடைத்த முதல் நல்ல செய்தி அதுதான் என்று நான் சொல்வேன்.

இறுதி ஆட்டம், டிசம்பர் 20, கோவா ஃபட்டோர்டா மைதானம். எதிரில் எஃப்.சி. கோவா. 87-ஆம் நிமிடம்: கோவா 2, சென்னை 1. கோவா ரசிகர்கள் கொண்டாடத் தொடங்கிவிட்டார்கள். 90-ஆம் நிமிடம்: கோவா கோல்கீப்பர் கட்டிமணி கையில் பட்டு பந்து அவர் வலைக்குள்ளேயே போய்விட்டது! 2-2! அடுத்த இரண்டே நிமிடத்தில் கொலம்பியாக்காரர் மென்டோசா அடித்தார் பாருங்கள் ஒரு கோல்! 3-2! மூன்று நிமிடத்துக்குள் தோல்வி வெற்றியாக மாறியது! இன்னொன்று தெரியுமா? அதே ஆட்டத்தில் சென்னை அடித்த இரண்டு பெனால்டிகளையும் தடுத்தவர் அதே கட்டிமணி! முதல் பெனால்டி மட்டும் தெறித்து வந்து கோலானது. ஒரு மனிதனுக்கு ஒரே மாலையில் இத்தனையா? பாவம், அவருக்காகவும் மனசு வலிக்கிறது.

மென்டோசா அந்த சீசனில் போட்டது 13 கோல். தங்கக் காலணி அவருக்கே!

சென்னையின் கோல்கீப்பர் எடெல் கதை இன்னும் விசித்திரம்! பிறந்தது ஆப்பிரிக்காவின் கேமரூனில். நாட்டு அணிக்காக ஆடியது அர்மீனியாவுக்கு! 2014-ல் கோப்பை வென்ற கொல்கத்தா அணியில் இருந்தார், 2015-ல் சென்னையோடு வென்றார். அடுத்தடுத்து இரண்டு ஆண்டு, இரண்டு ஊர், இரண்டு கோப்பை!

தோற்ற கோவாவின் பயிற்சியாளர் யார் தெரியுமா? பிரேசிலின் ‘வெள்ளை பெலே’ ஜிகோ! அதற்கு முன் அவர் எங்கெல்லாம் இருந்தார் என்று பார்த்தால் தலை சுற்றும். உஸ்பெகிஸ்தான்! ஆமாம், லால் பகதூர் சாஸ்திரி 1966-ல் உயிர் நீத்த அதே தாஷ்கண்ட்! அங்கே 2005-ல் பிறந்த புன்யோத்கோர் என்ற குட்டி கிளப், மூன்றே ஆண்டில் உலகக் கோப்பை வென்ற ரிவால்டோவையே கூட்டி வந்தது! 2008-ல் ஜிகோ வந்தார், சில மாதங்களிலேயே லீக், கோப்பை இரண்டையும் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார். பின்னர் வந்தவர், 2002-ல் பிரேசிலுக்கு உலகக் கோப்பை வாங்கித் தந்த ஸ்கொலாரி! அந்த ஜிகோவின் அணியைத்தான் நம் பையன்கள் கடைசி இரண்டு நிமிடத்தில் கவிழ்த்தார்கள்!

தாஷ்கண்ட் பேச்சு வந்ததால் இன்னொரு கதை. அந்த ஊரின் மூத்த கிளப் பக்தகோர். பெயருக்கு என்ன அர்த்தம் தெரியுமா? பருத்தி விளைவிப்பவர்! கண்டாங்கி நெய்யும் நம் பக்கத்து மக்களுக்கு இந்தப் பெயர் சட்டென்று மனதில் ஒட்டிக்கொள்ளும். 1979 ஆகஸ்ட் 11-ல் இரண்டு விமானங்கள் வானில் மோதின. 178 பேர் பலி. அதில் பக்தகோர் அணியினர் 17 பேர்! ஓர் அணியே அழிந்துபோனது. மற்ற சோவியத் கிளப்புகள் தங்கள் ஆட்டக்காரர்களைக் கொடுத்தன. மூன்று ஆண்டுகளுக்கு அந்த அணியைக் கீழ்ப்பிரிவுக்குத் தள்ளக்கூடாது என்று விதியே போட்டார்கள். 1982-ல் எங்கே நின்றது தெரியுமா? சோவியத் லீக்கில் 6-ஆம் இடம்!

சரி, சென்னைக்கு வருவோம். 2018 மார்ச் 17, இறுதி ஆட்டம், பெங்களூரு கண்டீரவா மைதானம். லீக்கில் பெங்களூரு 40 புள்ளி, சென்னை 32. 9-ஆம் நிமிடத்திலேயே சுனில் சேத்ரி கோல்! முடிந்தது என்றுதானே நினைப்போம்? மெய்ல்சன் ஆல்வெஸ் என்ற பிரேசில்காரர் கார்னர் பந்துகளைத் தலையால் முட்டி இரண்டு கோல் போட்டார். அவர் ஸ்ட்ரைக்கர் இல்லை, டிஃபென்டர்! முடிவு மறுபடியும் 3-2. அந்த அணியின் நடுக்களத்தில் வியாசர்பாடிப் பையன் தன்பால் கணேஷ்! குட்டி பிரேசில் என்று செல்லமாகச் சொல்கிறார்களே, அதே வியாசர்பாடி! பயிற்சியாளர் ஜான் கிரிகரிக்கு வயது 63!

அடுத்த சீசனில் என்ன ஆனது தெரியுமா? நடப்பு சாம்பியனுக்கு 18 ஆட்டத்தில் 9 புள்ளி. 10 அணிகளில் 10-ஆம் இடம்!

அதற்கும் அடுத்த சீசனில்? பாதியில் பயிற்சியாளர் மாறினார். ஓவன் கோய்ல் வந்தார், அணி எழுந்தது. கோவாவுக்கு எதிரான அரையிறுதியில் இரண்டு ஆட்டமும் சேர்த்து 6-5. மொத்தம் 11 கோல்! லிதுவேனியாக்காரர் வால்ஸ்கிஸ் சீசனில் அடித்தது 15. இறுதி ஆட்டம் 2020 மார்ச் 14. கொரோனா! கேலரியில் ஒரு ரசிகர்கூட இல்லை! பந்து உதைபடும் சத்தம் மட்டும் கேட்ட அந்த மைதானத்தில் 1-3 என்று தோற்றோம்.

சென்னையின் கடைசி இடத்துக்குப் போன அதே சீசனில் தமிழ்நாட்டுக்கு என்ன கிடைத்தது தெரியுமா? 2019 மார்ச் 9-ல் சென்னை சிட்டி எஃப்.சி. ஐ-லீக் சாம்பியன்! பெயர் சென்னை, ஆடிய ஊர் கோயம்புத்தூர்! 43 புள்ளி. இரண்டாம் இடத்தில் ஈஸ்ட் பெங்கால் 42. ஒரே ஒரு புள்ளி வித்தியாசம்! பெட்ரோ மான்சி அந்த சீசனில் 21 கோல் அடித்தார். 1893-ல் தொடங்கிய சுவிட்சர்லாந்தின் பாசெல் கிளப் சென்னை சிட்டியின் 26 சதவீதப் பங்கை வாங்கியது. ரோஜர் ஃபெடரர் கைதட்டும் அணி அது! இத்தனை பெருமை பெற்ற சென்னை சிட்டி இன்று தேசிய லீக்கில் இல்லை என்பது மனதைப் பிசைகிறது.

மார்ச் 9-லிருந்து சரியாக 74-ஆம் நாள், மே 22. லூதியானாவில் இந்தியப் பெண்கள் லீக் இறுதி ஆட்டம். மணிப்பூர் போலீஸை 3-1 என்று வென்றது யார்? நமக்குப் பக்கத்து மதுரையின் சேது எஃப்.சி.! ஆண்கள் கோப்பையும் பெண்கள் கோப்பையும் மூன்று மாதத்துக்குள் தமிழ்நாட்டில்!

இனி, நம் வீட்டு வாசலுக்கே வருவோம். கோட்டையூரிலிருந்து சைக்கிளிலேயே போய்விடக்கூடிய கண்டனூர் தெரியும்தானே? அங்கே பிறந்த சிவசக்தி நாராயணன் 2022-ல் டூரண்ட் கோப்பை இறுதியில் பெங்களூரு அணிக்காக, மும்பைக்கு எதிராகத் தொடக்கத்திலேயே கோல் அடித்தார்! பெங்களூரு 2-1 என்று வென்றது. டூரண்ட் கோப்பை எப்போது தொடங்கியது தெரியுமா? 1888-ல்! அதே சீசனில் ஐ.எஸ்.எல்.லில் 6 கோல். வளரும் வீரர் விருதும் அவருக்கே! 2023 மார்ச் 18, ஐ.எஸ்.எல். இறுதி ஆட்டம். முதல் பதினொருவரில் கண்டனூர்ப் பையன் களத்தில், சுனில் சேத்ரி பெஞ்சில்! ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களில் சிவசக்திக்குக் காயம். அவர் வெளியே வர, அந்த இடத்துக்குப் பெஞ்சிலிருந்து எழுந்து போனார் சேத்ரி!