வாசலை அடைக்கும் கார்

நம் வீட்டு வாசலில் யாரோ காரை நிறுத்திவிட்டு ஆபீஸ் போய்விட்டால்? கைக்குழந்தையும் காய்கறிப் பையுமாக நாம்தான் தெருக்கோடியிலிருந்து நடக்கணும்!

அமெரிக்காவில், வர்ஜீனியா மாநிலத்து ஆர்லிங்டனில் இந்தத் தொல்லை இருந்தது. உள்ளாட்சி சபை ஒரு விதி போட்டது: வார நாட்களில் காலை 8 முதல் மாலை 5 வரை பர்மிட் உள்ள கார்தான் அந்தத் தெருக்களில் நிற்கலாம். பாரபட்சம் என்று வெளியார் வழக்குப் போட்டார்கள். 1977-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், புகையும் நெரிசலும் குறைய இப்படிச் செய்யலாம் என்றுவிட்டது.

எனக்குப் பிடித்தது வேறு. வீட்டுக்கு வேலையாக வருகிறவர்களுக்கும், விருந்தாளிகள் சிலருக்கும்கூட அப்போது அங்கே இலவச பர்மிட் இருந்தது. பிரசவத்துக்கு உதவ வரும் அம்மா காரை எங்கே விடுவாள், சொல்லுங்கள்?

எந்த ஊர் நகரசபை இப்படி யோசித்தாலும், வருகிறவர்களுக்கு என்ன வழி என்று முதலில் கேளுங்கள், சகோதரிகளே!