ஆமைக் குஞ்சுக்கு ஓடு மட்டும் போதுமா?

ஆமை என்றதும் தமிழ் கற்றோர்க்கு முதலில் நினைவுக்கு வருவது திருக்குறளின் அடக்கமுடைமை அதிகாரம். தலை ஒன்றும் கால் நான்குமாகிய ஐந்து உறுப்புகளையும் ஓட்டுக்குள் இழுத்துக்கொள்ளும் ஆமையை வள்ளுவர் ஐம்புலன் அடக்கத்திற்கு உவமையாக்கினார். அவ்வுவமையைப் பலகாலும் கேட்டுப் பழகியதனாலோ என்னவோ, ஓட்டுக்குள் ஒடுங்கிவிட்ட ஆமைக்கு இனி ஓர் இடரும் இல்லை என்னும் எண்ணம் நம்மவரிடையே ஆழப் பதிந்துவிட்டது. வளர்ந்த ஆமைக்கு அவ்வெண்ணம் ஒருவாறு பொருந்தும். முட்டையினின்று வெளிவந்து ஓரிரு ஆண்டுகளே ஆன குஞ்சுக்கு அது பொருந்தாது. வீட்டில் வளரும் குஞ்சுக்குப் பெரும்பாலும் தீங்கு செய்பவை பருந்தும் நரியும் அல்ல. அதன் நன்மைக்கென்றே வளர்ப்போர் தொட்டிக்குள் வைத்த விளக்கும் தண்ணீர்த் தட்டும் கல்லுமேயாம்.

நில ஆமையை வீட்டில் வளர்க்கும் வழக்கம் ஆங்கில நாட்டில் பழமையானது. 18ஆம் நூற்றாண்டில் செல்போர்ன் என்னும் சிற்றூரில் வாழ்ந்த கில்பர்ட் ஒயிட் என்னும் பாதிரியார், தம் அத்தையின் தோட்டத்தில் நெடுங்காலம் இருந்த ஓர் ஆமையை 1780இல் தம்மூருக்குக் கொண்டுவந்து, அதன் நடையுடை பழக்கங்களை உன்னிப்பாகக் கவனித்து எழுதினார். 1789இல் வெளிவந்த அவருடைய செல்போர்ன் இயற்கை வரலாற்று நூலால் அவ்வாமை உலகப் புகழ் பெற்றது. திமொதி என்று ஆண் பெயர் சூட்டப்பட்டிருந்த அது உண்மையில் பெண் என்பது, அது இறந்தபின் அதன் ஓட்டை ஆராய்ந்தோர் கண்ட செய்தி. ஓடு இன்றும் இலண்டன் இயற்கை வரலாற்று அரும்பொருளகத்தில் இருக்கின்றது. ஒயிட் குறித்த செய்திகளுள் ஒன்று இங்கு நமக்குப் பயன்படும். தோட்டத்தின் எல்லையில் வெட்டப்பட்டிருந்த பள்ளத்தின் விளிம்பை அடைந்ததும் அவ்வாமை நின்று, பள்ளத்தை உணர்ந்து, பின்வாங்கிவிடுமாம். ஆமையின் அறிவை நாம் குறைத்து மதிப்பிடுகின்றோம் என்பது அவர் கருத்து.

அங்ஙனமாயின் அத்துணை எச்சரிக்கையுள்ள உயிர் ஒரு சிறு தொட்டிக்குள் விபத்துக்கு ஆளாவது எதனால் என்ற வினா எழும். அதற்கு விடை காணுமுன் ஒரு மாற்றத்தை அறிந்துகொள்ளல் வேண்டும். 20ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் ஆங்கிலேயர் வளர்த்தவை மத்தியதரைக் கடல் நாடுகளின் காடுகளிலிருந்து பிடித்துக் கப்பலேற்றப்பட்ட வளர்ந்த ஆமைகள். அவற்றுள் மிகப் பல வழியிலும், வந்த சில ஆண்டுகளிலும் மடிந்தன. இவ்வணிகத்தை ஐரோப்பியச் சட்டம் 1984இல் நிறுத்திற்று. அதன்பின் கடைகளில் விற்பனைக்கு வருபவை வளர்ப்பிடங்களில் முட்டை பொரித்த குஞ்சுகளே. உள்ளங்கையளவு ஓட்டோடு தொடங்கிய வளர்ப்பு இன்று கட்டைவிரலளவு ஓட்டோடு தொடங்குகின்றது. ஆகவே குஞ்சைப் பேணும் கலை புதிதாகக் கற்கவேண்டியதாயிற்று.

ஹெர்மன் ஆமை என்னும் இனத்தை எடுத்துக்கொள்வோம். இத்தாலி, கிரீஸ் முதலிய நாடுகளில் இயல்பாக வாழும் இது ஐரோப்பிய வீடுகளில் பெருவழக்காக வளர்க்கப்படுவது. இதன் குஞ்சு பொரித்த அன்று ஏறத்தாழ 3 முதல் 3.5 சென்டிமீட்டர் நீளமும் பத்துக் கிராம் அளவு எடையுமே உடையது. ஓட்டின் எலும்புத் தகடுகள் அப்போது ஒன்றோடொன்று முற்றும் இணைந்திருப்பதில்லை. இடையே இடைவெளிகள் உண்டு. விரலால் அழுத்தினால் அடியோடு நெகிழ்ந்து கொடுக்கும். முட்டைக் கருவின் எச்சமாகிய பை வயிற்றில் ஒட்டிக்கொண்டிருக்கும் முதற்சில நாள்களில், கல்லோ மரத்துகளோ பரப்பிய தரையில் அதனை விடலாகாது. பை கிழிந்தால் குஞ்சு பிழைப்பது அரிது. ஈரத்தாள் விரித்த சிறு பெட்டியே அந்நாள்களுக்கு ஏற்றது.

இனி விபத்துகளுள் தலையாயது மல்லாந்து விழுதல். ஆமை பள்ளத்தின் விளிம்பை அறியும் என்பதில் ஐயமில்லை. ஆனால் தொட்டியில் அது விழுவது விளிம்பிலிருந்து கீழே அன்று. மேலே ஏற முயன்று பின்புறமாகச் சாய்வதே பெரும்பாலும் நிகழ்வது. மூலையில் இரண்டு சுவர்களும் கூடுமிடத்தில் முன்னங்கால்களை ஊன்றி நிமிர்கின்றது, சறுக்குகின்றது, மல்லாக்கிறது. சுவர் கண்ணாடியாக இருந்தால் இது மிகுதி. கண்ணாடியைத் தடை என்று ஆமையால் உணர முடிவதில்லை. அப்புறம் தெரியும் இடத்திற்குச் செல்ல ஓயாது முட்டி முட்டி ஏற முயலும். பார்ப்பவர்க்கு அழகாக இருக்கட்டும் என்று வாங்கும் மீன் தொட்டி ஆமைக் குஞ்சுக்கு ஏற்ற இடம் அன்று. ஒளி ஊடுருவாத பலகைச் சுவரும் திறந்த மேற்புறமும் உடைய அகன்ற மரத்தட்டே சிறந்தது.

மல்லாந்த ஆமைக்கு என்ன நேர்கின்றது? பாலூட்டிகளுக்கு உள்ளது போன்ற, மூச்சை இயக்கும் உதரவிதானத் தசை ஆமைக்கு இல்லை. அதன் நுரையீரல் மேலோட்டின் உட்புறத்தை ஒட்டி அமைந்திருக்கின்றது. உடல் கவிழ்ந்ததும் ஈரலும் குடலும் நுரையீரலின்மேல் சுமையாகின்றன, மூச்சு இடர்ப்படுகின்றது. குஞ்சு கால்களை உதறி உதறிக் களைக்கின்றது. விழுந்த இடம் விளக்கின் நேர்கீழாக இருந்தால் நிலை இன்னும் கொடிது. ஆமை தன் உடற்சூட்டைத் தானே ஆக்கிக்கொள்ளும் உயிர் அன்று. வெயிலில் காய்ந்து சூடேற்றிக்கொண்டு, போதும் என்றதும் நிழலுக்கு நகர்ந்துவிடும். அந்நகர்வு ஒன்றே அதற்குள்ள பாதுகாப்பு. மல்லாந்தபோது அது பறிபோகின்றது. சிறிய உடல் விரைவில் சூடேறிவிடுமாதலின் பெரிய ஆமை தாங்கும் நேரத்தைக் குஞ்சு தாங்காது.

தானே புரண்டு எழும் ஆற்றல் எல்லா ஆமைகளுக்கும் ஒரே அளவில் இல்லை. ஹங்கேரி நாட்டு அறிஞர்களாகிய காபோர் டோமோகோஷும் பீட்டர் வார்கோனியும் 2006இல் கோம்போட்ஸ் என்னும் வியத்தகு திண்வடிவத்தை உருவாக்கினர். எவ்வாறு வைத்தாலும் உருண்டு ஒரே நிலையில் வந்து நிற்பது அது. அடியில் எடை கூட்டிய தலையாட்டிப் பொம்மை போன்றது அன்று, முழுதும் ஒரே சீரான பொருளால் ஆனது. பின்னர் அவர்கள் ஆமை ஓடுகளை அளந்து ஆராய்ந்து 2008இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். உயர்ந்து குவிந்த ஓடுடைய இனங்களை ஓட்டின் வடிவமே பெரும்பாலும் புரட்டிவிடுகின்றது. தமிழகத்திலும் இலங்கையிலும் வறண்ட நிலங்களில் வாழும் நட்சத்திர ஆமை இவ்வகைக்கு அவர்கள் காட்டிய சான்று. தட்டையான ஓடுடையவை நீண்ட கழுத்தை ஊன்றி எழுகின்றன. இடைப்பட்ட உயரமுடையவையோ கால்களை வீசி உதைத்தே எழவேண்டும். கணக்கியலும் உயிரியலும் கைகோக்கும் இச்செய்தியை ஆசிரியர்கள் வகுப்பில் ஓர் உடைந்த தேங்காய்ச் சிரட்டையைக் கவிழ்த்தும் மலர்த்தியும் காட்டியே விளக்கிவிடலாம்.

நட்சத்திர ஆமையைப் பற்றிக் கூறும்போது ஒன்றைச் சொல்லாமல் விடலாகாது. அதன் பன்னாட்டு வணிகம் 2019 முதல் தடைசெய்யப்பட்டுள்ளது. சிங்கப்பூரில் நில ஆமையை வீட்டில் வளர்க்கச் சட்டம் இடந்தருவதில்லை. மலேசியாவில் இனத்தைப் பொறுத்து உரிமம் வேண்டும். சட்டத்தை அறியாமல் குஞ்சு வாங்குவோர் கடத்தற்காரர்க்குக் கைகொடுத்தவராவர்.

உதைத்து எழும் இனத்திற்கு உதைக்க ஒரு பிடிப்பு வேண்டும். புல்தரையில் விழும் குஞ்சுக்குப் பக்கத்தில் ஒரு தண்டோ வேரோ மண்கட்டியோ இருக்கும். அதில் காலை ஊன்றிப் புரண்டுவிடும். வழவழப்பான தரையில் காற்றைத்தான் உதைக்க வேண்டும். இதனால் விளைவது ஒரு வியப்பான முடிவு: துடைத்துத் துப்புரவாக, ஒரு பொருளும் இன்றி வைத்த தொட்டியைவிட, மேடுபள்ளமும் செடியும் பதிந்த சிறு கற்களும் உள்ள தொட்டியே குஞ்சுக்குப் பாதுகாப்பானது. நம் வீட்டுத் தூய்மையை அளவுகோலாகக் கொண்டு ஆமையின் வீட்டை அமைப்பது தவறு. மண்ணும் மணலும் கலந்து, சற்றே ஈரமாக்கி, அழுத்திப் பரப்பிய தரையே வேண்டுவது. பொருள்களைச் சுவரோரம் வைக்காமல் நடுவில் வைத்தல் வேண்டும். சுவரோரம் வைத்த கல் ஏணியாகிவிடும். மூலைகளைப் பலகைத் துண்டால் குறுக்கே அடைத்துவிட்டால் ஏறும் விருப்பம் பெரிதும் குறையும்.

கற்களை வைப்பதிலும் ஒரு முறை உண்டு. ஆமை தோண்டும் உயிர். மண்ணைப் பரப்பியபின் அதன்மேல் கனமான கல்லை வைத்தால், குஞ்சு அதனடியில் குடைந்து செல்லும், மண் சரியும், கல் அதன்மேல் இறங்கும். ஆகையால் கல்லை முதலில் தொட்டியின் அடித்தளத்தில் அசையாமல் அமர்த்தி, பின்னரே சுற்றிலும் மண் இடல் வேண்டும். ஒளிந்துகொள்ள வைக்கும் கவிழ்த்த சட்டியின் வாயிலும் இத்தகையதே. இன்று தாராளமாக நுழையும் குஞ்சு மூன்று மாதத்தில் அவ்வாயிலில் சிக்கிக்கொள்ளும். பிள்ளைகளின் சட்டையைப் போல அதனையும் அவ்வப்போது மாற்றவேண்டும்.

விளக்கு இன்றியமையாதது. உணவு செரிக்கச் சூடும், எலும்பும் ஓடும் உறுதிப்படப் புற ஊதாக் கதிரும் வேண்டும். விளக்கின் கீழ் 30 முதல் 35 பாகை செல்சியஸ் வரையும், தொட்டியின் மறுகோடியில் 20 பாகை அளவும் இருத்தல் நன்று. அப்போதுதான் குஞ்சுக்குத் தெரிவு இருக்கும். வெப்பமானியை ஆமையின் முதுகு மட்டத்தில் வைத்து அளக்கவேண்டும். சுவரில் தொங்கவிட்டு அளப்பதால் பயனில்லை. விளக்கைக் கவ்வியால் மட்டும் மாட்டிவைப்பது பெருந்தவறு. கவ்வி நழுவி விழுந்தால் ஆமை மட்டுமன்றி வீடும் எரியும். சங்கிலியிட்டுத் தனியே தொங்கவிடுதலே முறை. சூடேறும் செயற்கைக் கற்கள் பழுதுபட்டு அடியோட்டைச் சுட்டுப் புண்ணாக்கியது உண்டு. ஆமைக்குச் சூடு கதிரவனைப்போல் மேலிருந்து வருவதே இயற்கை.

தண்ணீர்த் தட்டைப் பற்றிப் பலர் கருதுவதில்லை. ஆமை என்றால் நீந்தும் என்பது பொதுநம்பிக்கை. நில ஆமைக்கு நீந்தத் தெரியாது. ஓர் அங்குல ஆழமே ஆயினும் அதில் மல்லாந்த குஞ்சு மூழ்கிவிடும். பூச்சட்டியின் அடியில் வைக்கும் மெருகிடாத மண் தட்டு இதற்கு மிகப் பொருத்தம். விளிம்பு தரைமட்டத்தோடு ஒட்டுமாறு மண்ணில் புதைத்து, மேலோடும் அடியோடும் கூடும் கோட்டுக்கு மேல் நீர் ஏறாதவாறு ஊற்றவேண்டும். சொரசொரப்பான மண் காலுக்குப் பிடிப்புத் தரும், பீங்கான் வழுக்கும்.

கம்பிவலையின் கண் குஞ்சின் தலையைவிடப் பெரிதானால் கழுத்து மாட்டும். நூல், நார், செயற்கைப் புல்விரிப்பின் இழை ஆகியவை காலைச் சுற்றி இறுக்கும். சிவப்பும் மஞ்சளுமான சிறு பொருள்களைப் பூவென்றெண்ணி விழுங்கும், குடல் அடைபடும். இரண்டு குஞ்சுகளை ஒரே தொட்டியில் விட்டால் ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் புரட்டுவதும் உண்டு. வெளியில் புல்வெளியில் விடும்போது மேலே வலை கட்டாயம் வேண்டும்; காகத்திற்கு ஆமைக் குஞ்சு ஒரு கவளம். எலி காலைக் கடிக்கும். வீட்டு நாய் ஓட்டை எலும்பென்று கருதிக் கவ்வும். வேலியைத் தரைக்குக் கீழும் ஒரு முழமளவு இறக்காவிட்டால் குஞ்சு தோண்டி வெளியேறிவிடும். பிள்ளைகள் கையிலெடுக்க விரும்பினால் தரையில் அமர்ந்து எடுக்கட்டும். பின்னர்ச் சோப்பிட்டுக் கைகழுவுதலும் வேண்டும்.

தொட்டி எவ்வளவு நன்றாக அமைந்தாலும் பள்ளியில் காலையும் மாலையும் வருகைப் பதிவு எடுப்பதுபோல் குஞ்சுகளை எண்ணிப் பார்த்தல் இன்றியமையாதது. புதிதாகக் கல்லோ செடியோ வைத்த நாளில் சற்று நேரம் அருகிலிருந்து, குஞ்சு எங்கே ஏறுகின்றது, எங்கே தடுமாறுகின்றது என்று கவனித்தால், எச்சரிக்கை ஏடுகள் சொல்லாத பலவற்றை அதுவே சொல்லிவிடும்.

மல்லாந்து கிடக்கும் குஞ்சைக் கண்டால் மெல்லப் பக்கவாட்டில் புரட்டி நிமிர்த்தி நிழலில் வைக்கவேண்டும். சூடேறியிருந்தால் வெதுவெதுப்பான நீரில் அடியோடு நனையுமளவு நிறுத்தலாம். பனிக்கட்டி நீரில் இடலாகாது. நீரில் மூழ்கியதாயின் தலை கீழாகச் சாயுமாறு பிடித்துக் கழுத்தை மெல்ல நீட்டி, வாயிலும் மூக்கிலும் உள்ள நீரை வடித்து, முன்னங்கால்களை மெதுவாக உள்ளும் வெளியும் அசைத்துக் கொடுத்து, தாமதமின்றி விலங்கு மருத்துவரிடம் கொண்டுசெல்லவேண்டும். எழுந்து நடந்துவிட்டாலும் மருத்துவர் பார்த்தே ஆகவேண்டும். நுரையீரலில் தங்கிய நீரால் சில நாள் கழித்துச் சளிக்காய்ச்சல் வரக்கூடும். அசைவின்றிக் கிடப்பதால் இறந்ததென்று முடிவு கட்டுதலும் கூடாது. உயிர்வளி இன்றி நெடுநேரம் தாங்கவல்ல உடல் ஆமையுடையது. இதயம் கண்ணுக்குப் புலப்படாத மெதுவான வேகத்தில் துடித்துக்கொண்டிருக்கலாம். மருத்துவர் சொல்லும்வரை எந்தக் குஞ்சையும் புதைத்துவிடலாகாது.