ஓர் இரவுக்கு 4,500 அலை

மே மாதம் பிறக்க இன்னும் இரண்டு கிழமைகூட இல்லை. சோளகம் என்னும் தென்மேற்குப் பருவக்காற்று எழும்பும் முன் மேற்குக் கரையின் தலவிலவில் மூன்று முடிவுகள் எடுத்தாக வேண்டும். வள்ளத்தைக் கரையேற்றிக் கவிழ்த்து வைப்பதா, இயந்திரத்தோடு கிழக்குக் கரைக்கு ஏற்றி அனுப்புவதா, பருவம் முடிந்து கையில் நிற்கும் காசை எங்கே போடுவது? இந்த நேரம் பார்த்துத்தான் ‘மாத இறுதிக்குள் வைப்பிடுங்கள்’ என்ற துண்டுப்பிரசுரங்களும் வந்து சேர்கின்றன. வாசகர் கடிதங்களும் அதற்கேற்ப இரண்டாகப் பிரிந்து கிடக்கின்றன. கடலைப் பற்றி எழுதியவர்களின் கேள்வி: அலை 2.5 முதல் 3 மீற்றர் என்று அறிவித்தார்கள், வந்தது அதைப்போல் இரண்டு மடங்கு, அப்படியானால் அறிவித்தல் பொய்யா? காசைப் பற்றி எழுதியவர்களின் கேள்வி: நல்ல தரப்படுத்தல் உள்ள நிதிக் கம்பனி என்றால் பயமில்லாமல் போடலாமா? ஒன்று வானிலை நிருபரிடமும் மற்றது வர்த்தக நிருபரிடமும் போகவேண்டிய கேள்விகள் போலத்தான் தெரியும். ஆனால் இரண்டிலும் விழுந்திருக்கும் முடிச்சு ஒன்றே. ஒரு தடவைக்கான எண்ணைச் சொல்லிவிட்டு, அதைப் பல தடவை சந்திக்கப் போகிறவரை அனுப்பி வைக்கிறார்கள்.

அறிவித்தலின் மொழி நமக்கு மனப்பாடம். சிலாபத்திலிருந்து புத்தளம், மன்னார் ஊடாகக் காங்கேசந்துறை வரையான கடற்பரப்பில் காற்று அவ்வப்போது மணிக்கு 50-60 கிலோமீற்றர் வரை அதிகரித்து வீசலாம், கடல் கொந்தளிப்பாக இருக்கும், மீனவ சமூகம் விழிப்புடன் இருக்கவேண்டும். இதில் ‘அவ்வப்போது’ என்பதற்கு ‘எப்போது என்று எங்களைக் கேட்கவேண்டாம்’ என்று பொருள் கொள்ளலாம். ‘விழிப்புடன்’ என்பதற்கு ‘போனால் பொறுப்பு உங்களுடையது’ என்று. நிதிப் பக்கத்து அகராதியும் இதற்குக் குறைந்ததல்ல. தரப்படுத்தல் என்பது ஒரு கம்பனி தானே கட்டணம் செலுத்தித் தன்னைப் பற்றி வாங்கிக்கொள்ளும் அபிப்பிராயம். ‘கடந்தகாலப் பெறுபேறு எதிர்காலத்துக்கு உத்தரவாதமாகாது’ என்ற வரி, அந்தப் பெறுபேற்றைப் பெரிய எழுத்தில் போட்டுக்கொள்வதற்காகச் சிறிய எழுத்தில் செலுத்தப்படும் வரி.

அலைக் கணக்கைச் சற்று நின்று பார்க்கவேண்டும், சூட்சுமம் அங்கேதான் இருக்கிறது. கடல் முன்னறிவிப்பில் அலை உயரம் என்று உலகெங்கும் வழங்கும் எண், வரக்கூடிய பெரிய அலையின் உயரத்தைக் குறிப்பதில்லை. ஓரிடத்தைக் கடக்கும் நூறு அலைகளை உயரப்படி வரிசைப்படுத்தி, மேலே உள்ள மூன்றில் ஒரு பங்கை மட்டும் எடுத்துச் சராசரி பார்த்தால் கிடைப்பதுதான் அது. அனுபவப்பட்ட மாலுமி கண்ணால் பார்த்துச் சொல்லும் உயரத்துக்கு அது நெருங்கி வருவதால் வழக்கத்தில் நிலைத்துவிட்டது. சராசரி என்றாலே அதற்கு மேலும் சில இருக்கும். எத்தனை என்பதற்கு 1952இல் ஆங்கிலேயக் கணிதவியலாளர் மைக்கேல் லாங்கெட்-ஹிக்கின்ஸ் ஒரு கணக்கைக் கொடுத்தார். ஆழக்கடலில் இன்றும் ஏறத்தாழப் பொருந்தும் அந்தக் கணக்கின்படி ஏழு அலைக்கு ஒன்று அறிவித்த உயரத்தைத் தாண்டும், தொண்ணூறுக்கு ஒன்று அதன் ஒன்றரை மடங்கைத் தாண்டும், மூவாயிரத்துக்கு ஒன்று இரண்டு மடங்கைத் தாண்டும். மூவாயிரத்தில் ஒன்று என்றதும் நம் மனம் அதை ‘இல்லை’ என்ற கணக்கில் எழுதிவிடுகிறது. பிசகு அந்த இடத்தில்தான். எட்டு வினாடிக்கு ஓர் அலை என்று வைத்தால் மணிக்கு 450 அலை. பின்னேரம் போய் விடியக் கரைதிரும்பும் வள்ளத்துக்குப் பத்து மணித்தியாலத்தில் 4,500 அலை. ஆக, 3 மீற்றர் என்று அறிவித்த கடல் இரவு முழுக்க அப்படியே நின்றால், அந்த இரவில் 6 மீற்றரைத் தாண்டும் ஓர் அலையையாவது சந்திக்கும் வாய்ப்பு நான்கில் மூன்று பங்கு. பதினெட்டு, இருபது அடி பைபர் வள்ளத்தின் நீளமே ஏறக்குறைய அவ்வளவுதான். எனவே கடிதம் எழுதிய வாசகருக்குப் பதில்: அறிவித்தல் பொய் சொல்லவில்லை. நீங்கள் கேட்டது இரவைப் பற்றி, அது சொன்னது அலையைப் பற்றி.

இந்த வித்தியாசம் அரசுக்குத் தெரியாததும் அல்ல. தலவிலவுக்குத் தெற்கே, இதே கரையில் நுரைச்சோலை அனல்மின் நிலையம் இருக்கிறது. அதற்கான நிலக்கரி, வெளிக்கடலில் நங்கூரமிட்ட கப்பல்களிலிருந்து பாதைப்படகுகளில் இறக்கப்பட்டுக் கரைக்கு வருகிறது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் அந்த வேலை நிற்கும். ஏறத்தாழ செப்டெம்பரிலிருந்து ஏப்ரல் வரை இறக்கிக் குவித்துவைத்த நிலக்கரியில்தான் 900 மெகாவாற் நிலையம் மிச்ச மாதங்களை ஓட்டுகிறது. சோளகத்திலும் கடல் அடங்கிய நாட்கள் வரும். ஆனாலும் ஒவ்வொரு காலையும் அறிவித்தலைக் கேட்டுவிட்டு ‘இன்று போகலாமா’ என்று கப்பல்காரர்கள் தீர்மானிப்பதில்லை. பருவம் முழுவதையும் ஒன்றாகக் கூட்டிப் பார்த்து, இந்தக் கூட்டுத்தொகை நமக்குக் கட்டாது என்று முன்கூட்டியே ஒதுங்கிவிடுகிறார்கள். பெரிய கப்பலுக்குப் பருவக்கணக்கு, சின்ன வள்ளத்துக்கு நாட்கணக்கு. ஒரே கடலுக்கு இரண்டு மொழி.

இனிக் காசு. எடுத்துக்காட்டுக்கு ஒரு பயணத்தில் விபத்துக்கான வாய்ப்பு ஐந்நூறில் ஒன்று என்று வைப்போம். பருவத்துக்கு நூறு பயணம் போனால், ஒரு தடவையாவது மாட்டும் வாய்ப்பு நூற்றுக்குப் பதினெட்டு. ஒரு நிதிக் கம்பனி ஒரு வருடத்தில் முறிவதற்கான வாய்ப்பு நூற்றுக்கு இரண்டு என்று வைப்போம். வைப்பைப் பத்து வருடம் புதுப்பித்துக்கொண்டே போனால், அதற்குள் முறிவைச் சந்திக்கும் வாய்ப்பும் நூற்றுக்குப் பதினெட்டுத்தான். ஒவ்வொரு புதுப்பித்தலும் ஒரு பயணம். தரப்படுத்தல் முகவரகங்கள் இதை அறிந்தே ஒரு வருடம், ஐந்து வருடம், பத்து வருடம் என்று முறிவு வீதத்தை அடுக்கிக் காட்டும் அட்டவணைகளை வெளியிடுகின்றன. காலம் நீள எண் ஏறும். முகவர் வாசலுக்குக் கொண்டுவரும் துண்டில் அந்த அட்டவணை இருக்காது, ஆங்கில எழுத்து இரண்டு மட்டும் இருக்கும். கூடவே வாய்மொழியாக ஒரு சான்றிதழ்: “அண்ணே, இத்தனை வருசத்தில ஒரு மாசம்கூட வட்டி தவறினதில்ல.”

தவறியதில்லை என்ற சான்றிதழின் பெறுமதியை இந்த நாடு விலை கொடுத்தே அறிந்தது. த ஃபினான்ஸ் கம்பனி 1940இல் தொடங்கியது. எண்பது வருடப் பெயர். 2020 மே 22 அன்று மத்திய வங்கி அதன் உரிமத்தை இரத்துச் செய்தது. அதே வருடம் ஜூலை 13இல் ஈ.டி.ஐ. ஃபினான்ஸ். அப்போது வைப்புக் காப்புறுதியின் எல்லை ஆளுக்கு 6 இலட்சம் ரூபா. அதற்குள் வைத்திருந்தவருக்கு முழுத்தொகைக்கும் காப்பு இருந்தது. வீடு விற்று, வெளிநாட்டு உழைப்பைச் சேர்த்து முப்பது இலட்சம் வைத்தவர் மிச்சத்துக்காகக் காத்திருக்க வேண்டியதாயிற்று. அதற்கும் முன்னே 2008 டிசம்பரில் கோல்டன் கீ கம்பனி விழுந்தபோது வைப்பாளர்களின் சுமார் 26 பில்லியன் ரூபா சிக்கியது. அரசும் இதற்கு விலக்கல்ல. கடனை ஒருபோதும் தவறவிட்டதில்லை என்பது அதன் நீண்டகாலப் பெருமை. 2022 ஜனவரி 18இல் 500 மில்லியன் டொலர் பிணைமுறியைக் குறித்த நாளில் செலுத்தி அந்தப் பெருமையை இன்னொரு தடவை காத்தார்கள். மூன்று மாதம் கழியுமுன், ஏப்ரல் 12 அன்று, வெளிநாட்டுக் கடன் செலுத்துவதை நிறுத்துவதாக அறிவித்தார்கள். எண்பது வருடப் பெயரும், தவறாத எழுபது வருடமும், கவிழாத நூறு பயணமும் ஒரே வகைச் சாட்சியம். மூவாயிரமாவது அலை இன்னும் வரவில்லை என்பதைத்தான் அவை சொல்கின்றன.

இதற்கு மூன்று மறுப்புகள் வரும். முதலாவது, கடலோடிக்குக் கடல் தெரியும், எண் எதற்கு என்பது. மதிக்கவேண்டிய மறுப்பு. கச்சான் எப்போது சோளகமாகத் திரும்பும், பாருக்கு வெளியே நீர் எப்படிப் புரளும் என்பதை எந்த அறிவித்தலும் கற்றுத்தரப் போவதில்லை. ஆனால் அனுபவம் என்பது திரும்பி வந்தவர்களின் அனுபவம். அந்த ஓர் அலையைப் பார்த்தவர்களில் பலர் அதைப் பற்றிப் பேச வாடிக்குத் திரும்பவில்லை. ஒன்பது வருடம் ஒழுங்காக வட்டி வாங்கியவரின் சாட்சியமும் பத்தாவது வருடம்வரைதான் செல்லும். தேர்ந்த தண்டையல் மோசமான நாட்களை விலக்கிக்கொள்வார், ஆகவே எல்லாப் பயணத்துக்கும் ஒரே ஆபத்து என்று கூட்டக்கூடாது என்பதும் சரி. விலக்கத் தெரிந்தால் கூட்டுத்தொகை குறையும். ஆனால் விலக்குவதற்கு முதலில் சரியான எண் கையில் இருக்கவேண்டும்.

இரண்டாவது மறுப்பு வளிமண்டலவியல் திணைக்களத்தின் பக்கத்திலிருந்து வரும்: இரண்டு மடங்கு அலை என்றெல்லாம் எழுதினால் யாரும் கடலுக்குப் போகமாட்டார்கள், அல்லது அறிவித்தலையே மதிக்கமாட்டார்கள். இதன் பின்னால் ஒரு காயம் இருக்கிறது. 2013 ஜூன் 8 அன்று மேற்கு, தெற்குக் கரையோரங்களில் வீசிய புயற்காற்றில் 40க்கும் மேற்பட்ட கடற்றொழிலாளர் மாண்டனர். முறையான முன்னெச்சரிக்கை இருக்கவில்லை என்ற கண்டனம் வளிமண்டலவியல் திணைக்களத்தின் மேல் விழுந்தது. சொல்லத் தவறினால் விசாரணை வரும், வீணாகச் சொன்னால் யாரும் கேட்பதில்லை என்ற நிலையில் எந்த அலுவலகமும் அடிக்கடி எச்சரிக்கத்தான் செய்யும். வீணாய்ப்போன எச்சரிக்கைக்கு எண்ணெய்க் காசும் அன்றைய கூலியும் கொடுத்தவர் கரையில் இருக்கிறார். ஆகவே எச்சரிக்கையின் எண்ணிக்கையைக் கூட்டிப் பயனில்லை, உள்ளடக்கத்தைத்தான் திருத்தவேண்டும். அவுஸ்திரேலிய வானிலைப் பணியகம் தன் கரையோரக் கடல் முன்னறிவிப்புகளில் ஒரு நிலையான குறிப்பைச் சேர்த்து வருகிறது: காற்றின் வீச்சு இங்கே தரப்பட்ட சராசரியைவிட 40 வீதம் வரை கூடலாம், அதிகபட்ச அலை இரண்டு மடங்கு வரை எழலாம். இதற்குப் புதிய கருவி வேண்டியதில்லை. அந்த நாட்டு மீனவர்கள் இதைப் படித்துவிட்டுத் தொழிலைக் கைவிடவும் இல்லை.

மூன்றாவது, சாதாரண சனத்துக்கு நிகழ்தகவு விளங்காது என்பது. சீட்டுப் பிடித்து எத்தனையாவது மாதம் எடுத்தால் லாபம் என்று கணக்குப் பார்க்கும் சனத்தைப் பற்றி இப்படிச் சொல்வது துணிச்சல்தான். விளங்காதது எண் அல்ல, எண் சொல்லப்படும் விதம். ‘மூவாயிரத்தில் ஒன்று’ என்பதற்குப் பதிலாக ‘ஓர் இரவுக்கு ஒன்று’ என்றால் எவருக்கும் விளங்கும். ‘வருடத்துக்கு 2 வீதம்’ என்பதை ‘பத்து வருடம் போட்டால் ஐந்தில் ஒன்றுக்குக் கிட்ட’ என்று சொன்னால் எந்த வீட்டிலும் விளங்கும். அப்படிச் சொன்னால் வைப்புக் குறையும் என்பதுதான் சொல்லாமல் விடுவதற்கான காரணமோ என்று சந்தேகிக்க இடமிருக்கிறது.

மற்றக் கேள்விகளுக்குச் சுருக்கமாக.

அறிவித்த அலை உயரம் கரையில் நிற்பவருக்கும் பொருந்துமா? பொருந்தாது, அது கடலுக்கானது, பாரிலும் கரையிலும் அலை வேறுவிதமாக எழுந்து உடையும்.

அன்னம்மாள் பெருவிழாவுக்கு வருகிறவர்கள் தலவிலக் கடலில் குளிக்கலாமா? விழா சோளகத்துக்குள் வருகிறது. கால் நனைப்பதோடு நிறுத்துங்கள்.

60 கிலோமீற்றர் காற்று 30ஐவிட இரண்டு மடங்குதானே? தள்ளும் விசை நான்கு மடங்கு.

வைப்புக் காப்புறுதி இப்போது எவ்வளவு? 2021 ஏப்ரல் முதல் 11 இலட்சம் ரூபா. ஒரு நிறுவனத்தில் ஓர் ஆளுக்கு, கணக்கு எத்தனை இருந்தாலும்.

யூனிட் டிரஸ்ட் அதில் அடங்குமா? அடங்காது.

கம்பனிக்கு உரிமம் உண்டா என்று எங்கே பார்ப்பது? மத்திய வங்கி வெளியிடும் பட்டியலில். முகவரின் அடையாள அட்டையில் பார்க்கவேண்டாம்.

வட்டியில் 10 வீதம் வரி பிடிக்கிறார்களே? 2025 ஏப்ரல் 1இலிருந்து அப்படித்தான். வருட வருமானம் 18 இலட்சத்துக்கு மேற்படாதவர் சுயபிரகடனம் கொடுத்துத் தவிர்க்கலாம்.

கடலின் குணத்தையோ கம்பனியின் குணத்தையோ நம்மால் மாற்ற முடியாது. எத்தனை தடவை போவது, ஒரு தடவையில் எவ்வளவை ஏற்றுவது என்ற இரண்டும் மட்டுமே நம் கையில். ஆகவே அறிவித்தலில் அலை உயரத்தைக் கேட்டால் அதை இரண்டால் பெருக்கிவிட்டு வள்ளத்தின் நீளத்தைப் பாருங்கள். ஒரே நிறுவனத்தில் 11 இலட்சத்துக்கு மேல் கிடந்தால், தானாகப் புதுப்பிக்கப்படும் நாள் வருமுன் மிச்சத்தை வேறிடத்துக்கு மாற்றுங்கள்.