வேலை முடிந்ததா என்பதே கேள்வி: மென்பொருளுக்குப் பயனர் வைக்கும் தேர்வு

2025 ஜனவரியில் வைகுண்ட துவார தரிசன டோக்கன் வாங்கத் திருப்பதியில் திரண்ட கூட்டம் நெரிசலில் சிக்கி, ஆறு பேர் உயிரிழந்தனர். அதே ஆண்டு டிசம்பர் இறுதியில் வந்த வைகுண்ட ஏகாதசிக்கு, முதல் மூன்று நாள் டோக்கன்களைத் திருமலை திருப்பதி தேவஸ்தானம் இணையவழிக் குலுக்கலுக்கு மாற்றியது. தெருவில் நின்ற வரிசை போன் திரைக்கு வந்தது.

திரையில் தடுமாறுகிறவருக்குத் தரிசனமும் தள்ளிப்போகும். அப்படி நேராமல், சேவையைத் திறப்பதற்கு முன்பே அதைப் பயன்படுத்தப்போகிறவர்களிடம் கொடுத்துப் பார்ப்பதுதான் பயனர் ஏற்புச் சோதனை. ஐ.டி. வட்டாரத்தில் யு.ஏ.டி. என்பார்கள்.

மற்ற சோதனைகளிலிருந்து எப்படி மாறுபடுகிறது?

எழுதிய நிரல் ஓடுகிறதா என்று புரோகிராமர் பார்ப்பார். கேட்டதெல்லாம் இருக்கிறதா என்று டெஸ்டிங் குழு பார்க்கும். வந்த வேலை முடிந்ததா என்பதைப் பயனர்தான் சொல்ல வேண்டும்.

எங்கிருந்து தொடங்குவது?

சென்னை, பெங்களூரு வேலைக்குத் தயாராகும் சித்தூர், திருப்பதி மாணவர்கள் 300 ரூபாய் சிறப்பு நுழைவு தரிசன முன்பதிவையே பயிற்சியாக எடுத்துக்கொள்ளலாம். ஆனால் காகிதத்தில் மட்டும். நடப்பிலுள்ள தளத்தில் விளையாட்டாகப் பிடித்துவைக்கும் இடம் ஒரு பக்தருக்குக் கிடைக்காமல் போகும்.

பட்டன்களை வரிசையாக எழுதாமல், ஆளை வைத்துத் தொடங்குங்கள். சித்தூரில் இருக்கும் மகள், வேலூரில் உள்ள பெற்றோருக்கும் சேர்த்துப் பதிகிறாள். பத்து வயதுப் பையனும் உடன் வருகிறான். பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு டிக்கெட் தேவையில்லை என்று திரை அவளுக்குச் சொல்கிறதா? அப்பாவின் ஆதாரில் பெயரோடு ஓர் இனிஷியல்தான் இருக்கிறது. குடும்பப் பெயரைக் கட்டாயம் நிரப்பச் சொன்னால் என்ன செய்வாள்?

கடைசியில் பணம். யு.பி.ஐ.யில் தொகை பிடிக்கப்பட்டுவிட்டது, பக்கம் உறைந்து நிற்கிறது. இங்கே என்ன நடக்க வேண்டும் என்பதைச் சோதனைக்கு முன்பே எழுதிவைக்க வேண்டும்: மீண்டும் உள்ளே நுழைந்தால் டிக்கெட் இருக்க வேண்டும், அல்லது பணம் திரும்புகிறது என்ற தகவல் இருக்க வேண்டும், அவள் பதறிப்போய் மறுபடி அழுத்தினால் இரண்டாவது முறை பணம் போகக் கூடாது. இப்படி எழுதாமல் இறங்கினால், எது வந்தாலும் சரி என்றே தோன்றும்.

யாரை உட்கார வைப்பது?

போன் பழகிய இளைஞர் மட்டும் போதாது. முதியவர், ஊராருக்குப் பதிந்து கொடுக்கும் மீசேவா மையத்தார், நுழைவாயிலில் டிக்கெட்டை ஸ்கேன் செய்யும் ஊழியர் எல்லோரும் வேண்டும். பக்கத்தில் இருப்பவர் சொல்லிக்கொடுக்கக் கூடாது. எங்கே தயங்குகிறார், எந்தச் சொல்லை இரண்டு முறை படிக்கிறார் என்று குறித்துக்கொண்டால் போதும்.

சோதனைக்கு யாருடைய நிஜ ஆதார் எண்ணையும் பயன்படுத்தாதீர்கள். வாயில் வந்த பன்னிரண்டு இலக்கமும் உதவாது. கடைசி இலக்கம் மற்றவற்றைச் சரிபார்க்கும் இலக்கம் என்பதால், கணக்குக்கு உட்பட்ட மாதிரி எண்களைத் தயாரிப்புக் குழுவிடமே கேட்டு வாங்க வேண்டும்.

சேவையைத் திறக்கலாம் என்று எப்போது கையெழுத்திடுவது?

கிடைக்கும் பிழைகளைத் தரம்பிரிக்க வேண்டும். பணம் போய் டிக்கெட் வராவிட்டால் சேவையைத் திறக்கவே கூடாது. எழுத்துப் பிழையைப் பிறகு திருத்திக்கொள்ளலாம். எது எந்த வகை என்பதை முதல் நாளே முடிவுசெய்யாவிட்டால், கடைசி நாளில் எல்லாமே சிறிய பிழையாகிவிடும்.

அமெரிக்காவின் காப்பீட்டுத் தளமான ஹெல்த்கேர்.கவ் 2013 அக்டோபர் 1 அன்று திறந்தது. முழுத் தளத்தையும் முதலிலிருந்து கடைசிவரை ஓட்டிப் பார்த்தது திறப்புக்குச் சுமார் இரண்டு வாரம் முன்புதான். முதல் நாளில் பதிவை முடித்தவர்கள் ஆறு பேர். பிழையைக் கண்டுபிடிக்க நாள் ஒதுக்கினால் போதாது. திருத்தவும், திருத்தியதை மறுபடி சோதிக்கவும் நாள் வேண்டும். கையெழுத்திடுபவருக்குத் திறப்பைத் தள்ளிவைக்கும் அதிகாரமும் இருக்க வேண்டும். அது இல்லாத இடத்தில் யு.ஏ.டி. வெறும் சடங்கு.