பழைய தமிழ் மர்மப் படங்களின் வீட்டுப் பதிப்புகள்

திரையரங்கில் ஓடி முடித்த திரைப்படத்தை வீட்டில் பார்ப்பதற்காக வீடியோ கேசட், விசிடி, டிவிடி, புளூ-ரே ஆகிய வடிவங்களில் வெளியிடுவதை வீட்டுப் பதிப்பு எனலாம். 1950, 1960களில் வெளிவந்த தமிழ் மர்மப் படங்களையும் ஆவிக்கதைப் படங்களையும் இன்றைய தலைமுறை பெரும்பாலும் இப்பதிப்புகள் வழியாகவே அறிந்திருக்கிறது. இணையத்தில் காணப்படும் பல பிரதிகளும் பழைய கேசட்டிலிருந்தோ தட்டிலிருந்தோ எடுக்கப்பட்டவையே. ஆகவே ஒரு படத்தைப் பற்றி எழுதும் மாணவர், தாம் பார்த்தது எந்தப் பதிப்பு, அதில் என்ன குறைகிறது என்பதை அறிந்திருப்பது அவசியம்.

முக்கியப் படங்கள்

வீணைக் கலைஞர் எஸ். பாலச்சந்தர் இயக்கி, ஏவி.எம். நிறுவனம் 1954-ல் வெளியிட்ட 'அந்த நாள்' இவ்வகையில் முன்னோடியானது. சிவாஜி கணேசனும் பண்டரிபாயும் நடித்தனர். ஒரு கொலையைப் பலர் தத்தம் கோணத்தில் விவரிக்கும் இப்படத்தில் பாடல்களே கிடையாது. எனவே காட்சியின் ஒளி, நிழல், பின்னணி ஒலி ஆகியவையே மர்மத்தைச் சுமக்கின்றன.

1963-ல் ஸ்ரீதர் இயக்கிய 'நெஞ்சம் மறப்பதில்லை' மறுபிறவிக் கதை. பாழடைந்த மாளிகை, மூப்பேறிய ஜமீன்தாராக வரும் எம்.என். நம்பியார், முற்பிறவி நினைவு என்று ஐரோப்பியப் பேய் மாளிகைக் கதைகளுக்கு மிக அருகில் நிற்கும் தமிழ்ப் படம் இது. ஒளிப்பதிவு செய்தவர் ஏ. வின்சென்ட். அடுத்த ஆண்டே அவர் மலையாளத்தில் 'பார்கவி நிலையம்' என்ற ஆவிக்கதைப் படத்தை இயக்கினார்.

1964-ல் வந்த 'வோ கௌன் தீ' என்ற இந்திப் படத்தைத் தழுவி 1966-ல் 'யார் நீ?' வெளியானது. ஜெய்சங்கரும் ஜெயலலிதாவும் நடித்தனர். 1967-ல் ஏ.சி. திருலோகசந்தர் இயக்கிய 'அதே கண்கள்' முகமூடிக் கொலையாளியைத் தேடும் வண்ணப்படம்.

இத்தாலியில் நடந்தது

இதே காலத்தில் இத்தாலியில் மரியோ பாவா போன்ற இயக்குநர்கள் மாளிகை, சாபம், மர்மக் கொலை ஆகியவற்றை வைத்துப் படமெடுத்தனர். பாவாவின் 'லா மாஸ்கெரா தெல் தெமோனியோ' 1960-ல் வெளியானது. அமெரிக்காவில் அதை வாங்கிய நிறுவனம் சில காட்சிகளை வெட்டி, ரொபெர்ட்டோ நிகொலோசியின் இசையை நீக்கி, லெஸ் பாக்ஸ்டரின் இசையைச் சேர்த்து, 'பிளாக் சண்டே' என்ற பெயரில் திரையிட்டது. பிரிட்டனில் 1968 வரை படத்துக்கு அனுமதி கிடைக்கவில்லை. ஆக, ஒரே படம் ஊருக்கு ஒரு வடிவமாயிற்று.

வீட்டுப் பதிப்புகளே இக்குழப்பத்தைத் தீர்த்தன. 1999-ல் அமெரிக்காவில் டிவிடி வந்தது. 2013-ல் பிரிட்டனின் ஆரோ வீடியோ நிறுவனம் ஐரோப்பிய வடிவம், அமெரிக்க வடிவம் இரண்டையும் ஒரே புளூ-ரே வெளியீட்டில் சேர்த்துக் கொடுத்தது. பார்ப்பவர் இரண்டையும் ஒப்பிட்டு, எது வெட்டப்பட்டது, எந்த இசை மாற்றப்பட்டது என்று தாமே கண்டறியலாம். பழைய தமிழ்ப் படங்களுக்கு இத்தகைய ஒப்பீட்டுப் பதிப்பு வரும் வழக்கம் இங்கு உருவாகவில்லை.

கேசட்டிலிருந்து தட்டுக்கு

1982-ல் டெல்லியில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டிகளை ஒட்டி இந்தியாவில் வண்ணத் தொலைக்காட்சியும் வீடியோ பிளேயரும் பரவின. கேசட்டை நாள் வாடகைக்குத் தரும் கடைகள் ஊர்தோறும் தோன்றின. திருட்டுப் பிரதிகள் பெருகியதால் 1984-ல் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டது. தணிக்கைச் சான்றிதழின் நகல், வீடியோவைத் தயாரித்தவரின் பெயர், முகவரி, உரிமையாளர் விவரம் ஆகியவற்றை வீடியோவிலும் அதன் உறையிலும் காட்ட வேண்டும் என்று விதிக்கப்பட்டது.

1990களின் இறுதியில் விசிடி வந்தது. ஒரு தட்டில் ஏறத்தாழ 74 முதல் 80 நிமிடங்களே அடங்கும் என்பதால் தமிழ்ப் படங்கள் இரண்டு, மூன்று தட்டுகளாக வந்தன. 2000களின் பிற்பாதியில் மோசர் பேயர் நிறுவனம் விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் விற்கத் தொடங்கியது. பழைய படங்கள் சாதாரணக் குடும்பங்களுக்கு எட்டின. ஆனால் இந்த விலையில் ஒவ்வொரு படத்துக்கும் நல்ல பிரிண்டைத் தேடிப் பிடித்துச் சீரமைக்க வழியில்லை. கையில் கிடைத்த கேசட் மாஸ்டரே பல நேரங்களில் தட்டுக்குப் போனது.

இருட்டுக் காட்சிகள் ஏன் கெடுகின்றன

விசிடியின் ஒரு படச்சட்டத்தில் 352 × 288, அதாவது ஏறத்தாழ 1 லட்சம் புள்ளிகள் உள்ளன. டிவிடியில் 720 × 576, சுமார் 4 லட்சம். புளூ-ரேயில் 1920 × 1080, சுமார் 20 லட்சம். புள்ளிகள் குறைவது மட்டும் சிக்கல் அல்ல. இடத்தை மிச்சப்படுத்த, அருகருகே உள்ள ஒத்த நிறங்களை ஒன்றாகச் சுருக்குகிறார்கள். அதிகம் பாதிக்கப்படுவது கருமையின் நுண்ணிய படிநிலைகள். நிழலில் நிற்கும் உருவம் மங்கிச் சதுரம் சதுரமான கறுப்புக் கட்டங்களாக மாறிவிடும்.

குடும்பக் கதைப் படத்தில் இது பெரிய இழப்பு அல்ல. மர்மப் படத்திலோ கதையே நிழலில்தான் ஒளிந்திருக்கிறது. கதவிடுக்கில் தெரியும் முகத்தை ரசிகர் கவனிக்க வேண்டும் என்றுதான் இயக்குநர் விளக்கைக் குறைத்திருப்பார். மலிவுப் பதிப்பில் அந்த முகமே இராது.

வண்ணப்படங்களுக்கு வேறொரு ஆபத்து உண்டு. அக்கால ஈஸ்ட்மன்கலர் பிரிண்டுகளில் நீலச்சாயல் முதலில் மங்கும். அப்படிப்பட்ட பிரிண்டிலிருந்து எடுத்த பதிப்பில் படம் முழுவதும் சிவந்து தெரியும். இதைப் படத்தின் பாணி என்று எண்ணிவிடக் கூடாது.

ஓடும் நேரக் கணக்கு

ஒரு பதிப்பில் காட்சிகள் வெட்டப்பட்டிருக்கின்றனவா என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 35 மி.மீ. படச்சுருள் நிமிடத்துக்கு 90 அடி, அதாவது ஏறத்தாழ 27.4 மீட்டர் ஓடும். தணிக்கைச் சான்றிதழில் படத்தின் நீளம் குறிக்கப்பட்டிருக்கும். 4,000 மீட்டர் என்றிருந்தால் படம் சுமார் 146 நிமிடம் ஓட வேண்டும்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. திரையரங்கில் படம் நொடிக்கு 24 சட்டங்கள் ஓடும். இந்தியாவில் பின்பற்றப்பட்ட பால் முறைத் தொலைக்காட்சியில் 25 சட்டங்கள். ஆகவே 150 நிமிடப் படம் டிவிடியில் 144 நிமிடத்தில் முடிந்துவிடலாம். இது வெட்டு அல்ல, வேகம். பாடல்களின் சுருதியும் சற்றே உயர்ந்து கேட்கும். இதற்கும் மேலாக நேரம் குறைந்தால் காட்சியோ பாடலோ போயிருக்கிறது என்று கொள்ளலாம்.

விடுபட்டது எது என்று அறிய, படம் வெளியானபோது விற்ற பாட்டுப் புத்தகம் உதவும். அதில் பாடல்களின் பட்டியலும் கதைச் சுருக்கமும் இருக்கும். மர்மப் படமானால் 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்ற பாணியில் சுருக்கம் பாதியில் நின்றுவிடும் என்பதையும் மனத்தில் கொள்ள வேண்டும். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் இத்தகைய பாட்டுப் புத்தகங்கள் பாதுகாக்கப்படுகின்றன.

நெகட்டிவும் உரிமையும்

நல்ல பதிப்புக்கு நெகட்டிவோ கெடாத பிரிண்டோ தேவை. அசிட்டேட் படச்சுருள் வெப்பத்திலும் ஈரத்திலும் சிதைந்து வினிகர் வாடை வீசத் தொடங்கும். தொடங்கிய பிறகு அதை மெதுவாக்க முடியுமே தவிர நிறுத்த முடியாது. சென்னையின் தட்பவெப்பம் இதற்குச் சாதகமானது. தமிழின் முதல் பேசும்படமான 'காளிதாஸ்' (1931) இன்று கிடைக்காத படங்களில் ஒன்று. புனேயில் 1964-ல் தொடங்கப்பட்ட தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் கிடைத்தவற்றைச் சேகரித்து வருகிறது.

இந்தியச் சட்டப்படி திரைப்படத்தின் பதிப்புரிமை, அது வெளியான ஆண்டை அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள் நீடிக்கும். இதன்படி 1963-ல் வந்த 'நெஞ்சம் மறப்பதில்லை' படத்துக்கான காலம் 2023 இறுதியிலும், 'யார் நீ?' படத்துக்கு 2026 இறுதியிலும் முடிகிறது. பாடல் வரிகள், இசை ஆகியவற்றின் உரிமை தனி. அவற்றுக்கு ஆசிரியரின் ஆயுளும் அதன்பின் 60 ஆண்டுகளும் கணக்கு. உரிமைக் காலம் முடிந்தால் படத்தை வெளியிடத் தடை குறையும். ஆனால் நெகட்டிவைத் தர வேண்டும் என்று எவரையும் சட்டம் கட்டாயப்படுத்தாது. கூடவே, தனி உரிமை இல்லாத படத்தில் பணம் போட நிறுவனங்களும் தயங்கும்.

சீரமைப்புக்கு வரவேற்பு உண்டு என்பதை 'கர்ணன்' (1964) காட்டியது. டிஜிட்டல் முறையில் சீரமைக்கப்பட்டு 2012 மார்ச்சில் மீண்டும் வெளியான அப்படம் 100 நாட்களைத் தாண்டி ஓடியது. ஆனால் பெரிய நட்சத்திரங்கள் நடித்த புராண, சரித்திரப் படங்களுக்கே இந்த வாய்ப்பு எளிதில் அமைகிறது. கறுப்பு வெள்ளை மர்மப் படத்துக்கு அவ்வளவு பெரிய கூட்டம் வராது.

பதிப்பை மதிப்பிடும் முறை

ஒரு பதிப்பைப் பார்க்கும்போது கீழ்க்கண்டவற்றைக் கவனிக்கலாம்:

- தொடக்கத்தில் தணிக்கைச் சான்றிதழும் அசல் எழுத்தோட்டமும் முழுமையாக உள்ளனவா?
- முகங்கள் அகன்று தெரிகின்றனவா? அப்படியானால் 4:3 அளவுப் படம் அகலத்திரைக்காக இழுக்கப்பட்டுள்ளது.
- இருட்டுக் காட்சியில் பின்னணிப் பொருட்கள் தெரிகின்றனவா?
- நிறுவன முத்திரை படத்தின் மேல் நிரந்தரமாகப் பதிந்துள்ளதா?
- ஓடும் நேரம் சான்றிதழ் நீளத்தோடு பொருந்துகிறதா?

ஐந்திலும் தேறாத பழைய விசிடியையும் குப்பையில் போட்டுவிடக் கூடாது. பின்னர் வந்த பதிப்பில் வெட்டப்பட்ட பாடலோ வசனமோ அதில் இருக்கக்கூடும். நெகட்டிவ் அழிந்துபோன படத்துக்கு, யாரோ ஒருவர் வீட்டு அலமாரியில் கிடக்கும் தட்டே கடைசிப் பிரதியாக இருக்கவும் வாய்ப்புண்டு.